ஒரே ஒரு நாள் பிந்தி

மாத்திரை டப்பா குலுங்கும் சத்தம் கேட்டதும் கோவிந்தராசு ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்து நாக்கை நீட்டினான்.

நாற்பத்து நான்கு வயது. காதோரம் நரைத்துவிட்டது. புத்தி மட்டும் ஐந்து வயதிலேயே நின்றுவிட்ட பிள்ளை.

அம்மா பாப்பம்மாள் எதைச் செய்தாலும் அவனும் செய்யவேண்டும். அவள் பல் தேய்த்தால்தான் அவன் பல் தேய்ப்பான். அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் தின்றால்தான் அவனும் ஒரு வாய் தின்பான். அவள் மாத்திரை போட்டால் அவனுக்கும் மாத்திரை வேண்டும். இல்லையென்றால் அந்தப் புக்கிட் மேரா அடுக்குமாடி புளோக் முழுக்கக் கேட்கும்படி கூப்பாடு போடுவான்.

அதனால் ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் மேசைமேல் இரண்டு மூடிகள் இருக்கும். இடது மூடி அவனுக்கு, வலது மூடி அவளுக்கு. இரண்டிலும் வெள்ளை வெளேரென்று ஒவ்வொரு வில்லை.

அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீரோடு விழுங்குவாள். அவன் கண்ணை மூடி ருசித்துச் சப்புவான். பிறகு கையை மடக்கிப் புஜத்தைக் காட்டுவான். "ஸ்ட்ராங்!" என்று அவள் சொல்லும்வரை அந்தக் கை இறங்காது.

பாப்பம்மாளுக்கு எழுபத்து மூன்று. கால்சியம், மெக்னீசியம், ஸிங்க் மூன்றும் சேர்ந்த மாத்திரையை மாதம் ஒரு டப்பா தேக்கா கடைக்குப் போய் வாங்கிவிடுவாள். சர்க்கரையை விட்டாள். ஊறுகாயை விட்டாள். சிக்னலில் பச்சை மனிதன் எரியாமல் ரோட்டில் காலை வைக்கமாட்டாள்.

"ஆயுசு மேல எவ்வளவு ஆசை பாரேன். எமனுக்கே தண்ணி காட்டிடும் இந்தக் கெழவி!" என்று கீழ்த்தளத்துப் பெஞ்சில் கேலி செய்வார்கள்.

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று அவளும் பதிலுக்குச் சிரித்துவைப்பாள். கேலி செய்கிறவர்கள் வீட்டில் ராசு இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்?

ஆமாம், ஆயுசு ஆசைதான். புருஷன் போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. ராசுவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் பித்தப்பை ஆபரேஷனுக்காக அவள் படுத்தபோது, ராசுவை ஓர் இல்லத்தில் பத்து நாள் விட்டாள். நல்ல இடம். தங்கமான மனிதர்கள். ஆனால் எதிரில் உட்கார்ந்து தின்ன அம்மா இல்லையே! பிள்ளை ஒரு பருக்கையைத் தொடவில்லை. மூக்கில் குழாய் செருகித்தான் உயிரோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து கோயிலில் அவளுக்கு ஒரே வேண்டுதல். இவன் முந்தவேண்டும், நான் பிந்தவேண்டும். ஒரே ஒரு நாள் போதும். இவனை நல்லபடியாக அனுப்பிவைத்துவிட்டு மறுநாளே வந்துவிடுகிறேன்.

பெற்றவள் கேட்கிற வரமா இது? கேட்டுவிட்டுக் கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொள்வாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் அதையேதான் கேட்பாள்.

மாத்திரைக் கடைப் பெண் ருக்சார் போன மாதம்கூடச் சொன்னாள். "ஒன்னு வாங்குனா ஒன்னு ஃப்ரீ, ஆன்ட்டி. இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு எலும்பு சீக்கிரமே வீக் ஆயிடும். அண்ணனுக்கும் குடுங்க லா."

"அவனுக்கு வேற இருக்கும்மா," என்று பாப்பம்மாள் ஒரு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டாள். சும்மா கொடுத்ததை வேண்டாமென்ற முதல் ஆளை ருக்சார் அன்றுதான் பார்த்தாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னதை, தமிழ் நர்ஸ் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எடுத்துச் சொன்னாள். எலும்பெல்லாம் இந்த வயதுக்கு அபாரமாக இருக்கிறதாம். கட்டி இருப்பது கணையத்தில். ஆறு மாதம் தாண்டாதாம்.

கெட்டி எலும்பு! அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மண்டாய்ச் சுடுகாட்டில் எரித்தால் ஒரு பிடி சாம்பல் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

பஸ்ஸில் அழுதாள். லிஃப்டில் அழுதாள். கதவைத் திறக்கும்முன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இன்று காலை இரண்டு மூடிகளையும் இடம் மாற்றி வைத்தாள். இடது பக்கம் வந்த மூடியில் இருந்ததை எடுத்து, நீட்டிய நாக்கில் தன் கையாலேயே வைத்தாள்.

ராசு கண்ணை மூடிக்கொண்டான்.

உடனே திறந்தான். முகம் கோணியது. தூவென்று மேசைமேல் துப்பினான்.

"இது மாத்திர இல்லம்மா!"

"இதான்டா ராசா மாத்திர. முழுங்குடா. அம்மா சொன்னா கேப்பல்ல? இனிமே நீதான்டா ஸ்ட்ராங்கா இருக்கணும்."

அவன் பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். பிறகு எட்டி, அம்மாவின் மூடியில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பெப்பர்மின்ட் வாசனை வந்தது.

கீழே மினிமார்ட்டில் ரோல் ரோலாக விற்கிற மிட்டாய். ஒன்பது வருஷமாக அவன் மூடியில் அவள் வைத்து வந்தது அதைத்தான். மாத்திரையை ஒருநாள்கூட அவனுக்குக் கொடுத்ததில்லை. அவனும் கெட்டிப்பட்டுவிட்டால் அவள் எப்படிப் பிந்துவது?

துப்பிய மாத்திரை எச்சிலில் கரைந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. அவள் அதை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள்.

ராசு மிட்டாயைச் சப்பி முடித்தான். கையை மடக்கிப் புஜத்தைக் காட்டினான். காத்திருந்தான்.

கை இறங்கவில்லை.

"ஸ்ட்ராங்," என்றாள் பாப்பம்மாள்.