நூற்றெட்டுப் படி

"காலையிலேருந்து பதினோரு போன். பதினோரு பேரும் என்னைத்தான் கிழிக்கிறாங்க."

சூப்பர்வைசர் கார்டைத் தூக்கி மேஜைமேல் போட்டார். லிஃப்டுக்குள் மாட்டிவைக்கிற சர்வீஸ் கார்டு. மாதத்துக்கு ஒரு கட்டம். கட்டத்தில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

மெக்கானிக் கட்டத்தோடு நிற்கவில்லை. ஓரத்தில் எழுதி, இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தான். ஆபீசில் அவனுக்குப் பெயரே 'கட்டுரை'தான்.

"என்னய்யா கட்டுரை, என்ன எழுதியிருக்கே? படி."

"நீங்கதான் படிச்சிட்டீங்களே சார்."

"படின்னா படி."

படித்தான். "ரோப்பில் இழைகள் அறுந்துள்ளன. பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது. மாற்றும்வரை யாரும் ஏறக்கூடாது."

"பரீட்சையா எழுதறே? மூணு நாளா லிஃப்டைப் பூட்டி வச்சிருக்கே. ஆறு மாடி. நூத்தியெட்டுப் படி. நேத்து ஒரு பெரியவரை நாற்காலியோட நாலு பேர் தூக்கி இறக்கியிருக்காங்க. மனசாட்சி இருக்கா உனக்கு?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டான். "பாவம்தான் சார்."

"பாவம்னா ஒரு ஓகே போடு. கை தேஞ்சா போயிடும்?"

"கை தேயாது சார். ரோப்தான் தேஞ்சிருக்கு."

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

"புது ரோப் வர மூணு வாரம் ஆகும். காண்ட்ராக்ட் நாளையோட முடியுது. லிஃப்ட் ஓடலேன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. அப்புறம் எந்தச் சுவத்துல கட்டுரை எழுதுவே?"

"அதுக்காக ஓகேன்னு எப்படி சார்..."

"ஓகே பிடிக்கலையா? குட்னு எழுது. ஃபைன்னு எழுது. நார்மல், ஆல்ரைட். இங்கிலீஷ்காரன் அள்ளிக் கொட்டி வச்சிருக்கான், ஒண்ணை எடுத்துக்கோ."

சூப்பர்வைசர் கார்டை அவன் பக்கம் தள்ளினார்.

"ஓகேங்கிறதுக்கு ஆயிரம் அர்த்தம்யா. வீட்ல ஓகேன்னு சொன்னா கோவமா இருக்காங்கன்னு அர்த்தம். மேனேஜர் ஓகேன்னா வெளியே போன்னு அர்த்தம். டாக்டர் ஓகேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுன்னு அர்த்தம். கார்டுல ஓகேன்னா, வந்தோம், பார்த்தோம். அவ்வளவுதான்."

"ஏறுறவங்களுக்கு ஒரே அர்த்தம்தான் சார்."

"என்ன?"

"ஏறலாம்."

சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இழை அறுந்தா உடனே விழுந்துடுமா? மூணு வாரம் தாங்காதா?"

"தாங்கலாம் சார்."

"அப்புறம் என்ன?"

"தாங்காமலும் போகலாம்."

சூப்பர்வைசர் பேனாவை நீட்டினார். "கடைசியாக் கேக்கறேன். போடறியா, இல்ல சாவியை வச்சிட்டுக் கிளம்பறியா?"

"போட்டுத் தொலையேம்பா. வீட்ல நாலு வயிறு இருக்கில்ல?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

மெக்கானிக் பேனாவை வாங்கினான். மூடியைத் திறந்தான். காலிக் கட்டத்துக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான். பிறகு மூடிவிட்டான்.

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்தான். டூல் பையையும் வைத்தான். அது கம்பெனியுடையது.

"நூல் கட்டின சாவி மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு. கதவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுத் திறக்கணும் சார்."

ஒன்பது வருட வேலை. சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

"திமிர்" என்றார் சூப்பர்வைசர்.

"பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

சூப்பர்வைசர் புதுக் கார்டு எடுத்தார். 'ஓகே' என்று குண்டாக எழுதினார். கீழே ஒரு கோடு. கையெழுத்து. கட்டடத்து செக்ரட்டரிக்குப் போன் போட்டார்.

"வேற மெக்கானிக் வர்றான் சார், இப்பவே ஓட்டிடலாம். ஆமாமா, எல்லாம் பக்கா. தைரியமா ஏறச் சொல்லுங்க."

கார்டும் சாவியும் போயின. ஒரு மணி நேரம் கழித்து அவருடைய போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நம்ம வீட்டு லிஃப்ட் ஓடுது! மூணு நாளா நூத்தியெட்டுப் படி ஏறி இறங்கி என் முட்டி கழண்டு போச்சு. பாப்பாவுக்கு ஊசி போடணும்னு உங்க பொண்ணு சொல்லிட்டுப் போயிருக்கா. தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். லிஃப்ட் வாசல்லதான் நிக்கிறேன்."

சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏறாதே. படியில இறங்கு."

"விளையாடறீங்களா? பேத்தி என்ன கனம் கனக்கிறா தெரியுமா?"

"கனக்கட்டும். படியில இறங்கு."

"நாற்காலியில தூக்கிட்டுப் போனாங்களே, அந்தப் பெரியவரே இப்பதான் லிஃப்டுல இறங்கிப் போறார். உள்ளே ஓகேன்னு கார்டு வேற மாட்டியிருக்கு."

"சொன்னாக் கேளு."

"ஏன், ஓகே போட்டவன் மேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?"

சூப்பர்வைசர் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, போனைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார்:

"போட்டதே நான்தாண்டி."