வீட்டுக்கு ஒரு எம்.பி.

என் தொகுதியில் இப்போது வீட்டுக்கு ஒரு நான் இருக்கிறேன். எம்.பி.யான என்னைப் போலவே பேசும் ஏ.ஐ. நகல். என் பதினைந்து வருட வக்கீல் தொழிலையும் பத்து வருட ராணுவத்தையும் கரைத்துக் குடித்தது, என்னைவிடப் பொறுமைசாலி. அதனால் என் அலுவலகத்துக்கு ஈ காக்கைகூட வருவதில்லை.

அன்று விளாத்திகுளத்திலிருந்து செவந்திக்கனி வந்தார். ராணுவப் பயிற்சியில் அவர் மகனுக்கு ஒரு கால் போய்விட்டது. அரசு செயற்கைக்கால் தர மறுத்திருந்தது.

“பயிற்சி முடிக்காதவன் சிப்பாய் இல்ல, சட்டத்துல இடமில்லன்னு நீங்கதான சொன்னீங்க?”

“நான் எப்பம்மா சொன்னேன்?”

“முந்தாநேத்து. எங்க அடுப்படியில.”

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். நகல் சொன்னது சரிதான்.

“வக்கீலா பார்த்தா அதுதாம்மா சட்டம். மேஜரா பார்த்தாலும், மேல உத்தரவு இல்லாம...” என்று இழுத்தேன்.

“அந்த ரெண்டு பேரையும் வீட்லயே கேட்டாச்சு சார். நாங்க ஓட்டுப் போட்டது சட்டம் போடுறவருக்கு. அவரு இருக்காரா, வெளியூர் போயிட்டாரா?”

இத்தனை வருடத்தில் என்னை யாரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

“இருக்காரும்மா. உட்காருங்க.”

வெள்ளைத்தாள் எடுத்து, ஒரு எம்.பி. தானாகவே சபையில் வைக்கக்கூடிய சட்ட வரைவுக்கு ‘தனிநபர் மசோதா’ என்று தலைப்பிட்டேன். “பையன் பேரு என்ன?”

“மாரிச்செல்வம். ஆனா அவனுக்கு மட்டும்னு எழுதிராதீங்க சார். அவன்கூட ஆஸ்பத்திரியில இன்னும் பதினோரு பிள்ளைங்க கிடக்கு.”