நீலப் பொட்டு

பொட்டு நீலமாகத்தான் தெரிந்தது.

மேகலா படத்தை இன்னும் பெரிதாக்கினாள். வார்ப்பிரும்புப் பீஸின் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். அதற்கு ஒரு விரல் தள்ளி அந்தப் பொட்டு, ஓரங்களில் கொஞ்சம் வெளிறி.

லாரிகளுக்கு பிரேக் பாகம் செய்யும் ஓசூர் கம்பெனி அது. செக்கிங்கில் பாஸான பீஸுக்கு நீலப் பெயிண்டில் பொட்டு வைப்பார்கள். தள்ளிய பீஸுக்குச் சிவப்பு. புது லைனில் பொட்டு வைப்பது திம்மப்பன் ஒருவர்தான்.

அப்படியானால் விரிசல் விட்ட பீஸைப் பாஸ் செய்து புனே கஸ்டமருக்கு அனுப்பியது திம்மப்பன். குவாலிட்டி மேனேஜர் சௌந்தரராஜன் காலையிலேயே முடிவு கட்டிவிட்டார். திம்மப்பன் பேரிகை கிராமத்திலிருந்து வந்துபோகும் கான்ட்ராக்ட் ஆள். வருடக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆகியிருக்க வேண்டியவர். இப்போது கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டைம் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

போகும்போது மேகலாவின் அறை வாசலில் நின்றார். "தேவராணெ, நான் அத பாஸ் பண்ணல மேடம்" என்று கன்னடத்தில் சாமிமேல் ஆணையிட்டுத் தமிழில் முடித்தார். அவளிடம் சொல்லி என்ன பயன் என்று அவருக்கே தெரியும். ஆனால் படத்தைத் திறந்தவள் அவள்தானே.

புனேக்காரர்கள் புகாரோடு புது மொபைலில் எடுத்து அனுப்பும் படங்கள் ஹெய்க் என்ற வகை. கம்பெனித் திரைகளில் படம் காட்டும் சாப்ட்வேர் டூல்கிட் பழசு. அந்த வகையைக் கண்டால் ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டிவிட்டுக் கையை விரித்துவிடும். இதையும் திறக்கிற மாதிரி பண்ணிக் கொடு என்று புரோகிராம் எழுதும் மேகலாவிடம் மேலிடத்தில் சொன்னார்கள். அவளும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பண்ணிக் கொடுத்தாள்.

முதலில் திறந்த படமே ஒருவர் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டது.

"அதான் படமே பேசுதே. இன்னும் என்னம்மா பாக்குற?" சௌந்தரராஜன் பின்னால் வந்து நின்றார்.

அவள் படத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீஸைப் பிடித்திருந்த கை அங்கே தெரிந்தது. நீலக் கையுறை போட்ட கை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அவளும்தான்.

அந்தக் கையுறைக்கு நகம் இருந்தது.

மேகலாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் படத்திலிருந்து வரும் நிறங்களை, அவர்கள் டூல்கிட் நீலம், பச்சை, சிவப்பு என்று திருப்பிப் படிக்கும். பழைய வகைகளுக்கு அதை நேராக்கிக் கொடுக்க ஒரு வரி உண்டு. புது வகைக்கு அந்த வரியை எழுத விட்டுப்போயிருந்தது. இரும்பும் சாம்பல், மேஜையும் சாம்பல். சாம்பலை எப்படித் திருப்பினாலும் சாம்பல்தான் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை.

"சார், கலர் மாறி வந்திருக்கு. இது நீலம் இல்ல, செவப்பு."

"செவப்புன்னா?"

"திம்மப்பண்ணா தள்ளுன பீஸுன்னு அர்த்தம். வேற யாரோ எடுத்துப் பெட்டியில போட்டிருக்காங்க."

சௌந்தரராஜனுக்கு முகம் சிவந்தது. "எவன் அவன்? எவனா இருந்தாலும் இன்னைக்கே வெளிய அனுப்புறேன். நீ சரி பண்ணு."

அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். படத்தை மறுபடி திறந்தாள்.

கை மாநிறமாக வந்தது. பொட்டு சிவப்பாக வந்தது.

ஆனால் அது பெயிண்ட் இல்லை. எண்ணெயில் ஊறிய பொடி. வெளிறிய ஓரம் என்று நினைத்ததெல்லாம் மஞ்சள். மஞ்சள் தடவி அதன்மேல் வைத்த குங்குமம்.

இரண்டு பேருக்கும் புது லைனுக்குப் போட்ட பூஜை நினைவுக்கு வந்தது.

புது லைனை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கினார்கள். முதலில் விழுந்த பீஸுக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். மெஷின் செட்டாவதற்கு முன் வரும் பீஸை ஸ்கிராப்பில் போட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். பூஜை செய்த பீஸை ஸ்கிராப்பில் போடுவதாவது, அதுதான் முதலில் போக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். செக்கிங் மேஜைக்குக் காட்டாமல் தன் கையாலேயே பெட்டியில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். திம்மப்பனும் தட்டினார்.

அந்த ஒருவர் இப்போது போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா," சௌந்தரராஜனின் குரல் இறங்கியிருந்தது. "பழையபடி நீலமாவே விட்டுட முடியுமா?"

மேகலாவுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கூடவே பாவமாகவும் இருந்தது.

"நம்ம ஸ்கிரீன்ல மட்டுந்தான் சார் அது நீலம். புனேக்காரங்களுக்கு மொதல்லருந்தே குங்குமந்தான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த போனை எடுத்து டைம் ஆபீசுக்குப் போட்டார்.

"திம்மப்பன் இன்னும் அங்க இருக்காரா?"