டிரைவர் பக்கத்துக் காற்று

அப்பா செத்து நாற்பதாம் நாள், வளர்மதி அவருடைய பழைய காரை சாகுலின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினாள். முப்பது வருஷம் முதலாளிக்கு ஓட்டிய வண்டி. ஏசி செத்த பிறகு முதலாளி அதை அப்பாவின் தலையில் கட்டிவிட்டார். அந்த ஏசியில் குளிருக்காக அடைக்கும் பழைய கேஸ் இப்போது வருவதில்லை. புது கேஸுக்கு மாற்றுவதற்காக சாகுல் டேஷ்போர்டைப் பிரித்தார்.

டிரைவர் பக்கத்துக் காற்றுக் குழாய்க்குள் துணி அடைத்திருந்தது. இழுத்துப் போட்டார். அம்மா மஞ்சள் நூலில் ஓரம் அடித்த நீலப் பாவாடை. வளர்மதி ஆறாம் வகுப்பில் கட்டியது.

“பின்சீட்டுக்குக் குளிர் பத்தலன்னு மொதலாளி மொணங்குனா, டிரைவருங்க இப்பிடித்தாம்மா அடைச்சிருவாங்க,” என்று சிரித்தார் சாகுல். “ஒங்கப்பா மேல காத்தே பட்டிருக்காது.”

அவள் பள்ளியில் படித்த காலம். பரீட்சை மாதத்தில் ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வந்த அப்பா மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பினார். “நாள் பூரா ஏசியில உக்காந்து வர்ற ஒனக்கு விசிறி ஒரு கேடா?” என்று அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் வாசலுக்குப் போய்விட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை அவளும் பார்த்தாள்தான்.

பட்டறையில் மறுநாள் மத்தியானம் வேலை முடிந்தது. சாகுல் என்ஜினைப் போட்டார். “உக்காந்து பாரும்மா.”

ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். குளிர் முகத்தில் அறைந்தது. சட்டென்று இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வெயிலில் நின்றாள்.

“ஆளில்லாம ஓடுதேம்மா, பெட்ரோல் வீணாப் போகுது.”

“ஓடட்டும்ணே.”

காலிச் சீட்டின் மேல் காற்று வீசிக்கொண்டேயிருந்தது.