குருவம்மாளின் முறை

"முறை வந்ததும் சொல்றோம். ஹால்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் போன அமைப்பாளரை அதற்குப் பிறகு காணோம்.

விருதுநகரில் எழுத்தாளர் மாநாடு. சென்னையிலிருந்து வந்திருந்த பதிப்பாசிரியர் மாடியறையில் ஒவ்வொருவராகச் சந்தித்துக்கொண்டிருந்தார். நாரணாபுரம் பட்டாசு கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்த குருவம்மாள், முன்பே அவருக்கு அனுப்பியிருந்த தன் நாவலின் பிரதியை மடியில் வைத்துக் காத்திருந்தாள்.

பக்கத்து நாற்காலிப் பெண்ணின் போன் அடித்தது. "இந்தா வந்துட்டேன்" என்று எழுந்து போனாள். அடுத்து ஒரு வாத்தியாருக்கு. பிறகு இன்னொருவருக்கு.

'அம்புட்டுப் பேருக்கும் வீட்டுல தேடுறதுக்கு ஆளு இருக்கு' என்று குருவம்மாள் நினைத்துக்கொண்டாள்.

நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். கதை பிடிக்கவில்லை போல. அதை முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வார்கள்? யாரையும் கேட்காமல் வாசலுக்கு வந்தாள்.

அமைப்பாளர் ஓடி வந்தார். "ஏம்மா, எல்லாரையும் போன்லதான மாடிக்குக் கூப்பிட்டோம்? உங்களுக்கு எம்புட்டுத் தடவ அடிக்கிறது? உங்க கதையப் பத்திப் பேசணும்னு சார் அம்புட்டு நேரம் காத்திருந்தாரு. இப்பத்தான் கார்ல கெளம்புனாரு."

வாட்ச்மேன் தன் மேசையிலிருந்து குருவம்மாளின் போனை எடுத்து நீட்டினார்.

"கம்பெனி கேட்டுல போனக் குடுத்துட்டுத்தான் உள்ள போவோம். அந்தப் பழக்கத்துல இங்கனயும் குடுத்துட்டேன்" என்றாள்.

"சரி, நடுவுல ஒரு தடவ வந்து போனப் பாத்திருக்கலாம்ல?" என்றார் அமைப்பாளர்.

குருவம்மாள் போனை முந்தானையில் துடைத்தாள்.

"எனக்கு யாருண்ணே போன் போடப் போறா?"