சல்லடை

"அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். எதையோ மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரிதான் இருந்தது.

சாஃப்ட்வேர் லைசென்ஸ் சோதனைக்கு வந்திருந்த அதிகாரி சிரித்தார். "ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா ஏம்மா குறுக்க நிக்கிறீங்க?"

அரதப் பழசான கம்ப்யூட்டர் அது. பள்ளிச் சட்டைப் பைகளில் சின்னம் தைக்கிற எம்பிராய்டரி மெஷின், அது சொன்னால்தான் நகரும். கணவர் இறந்த பிறகு கடையைத் தனியாளாக நடத்துகிறவளுக்குச் சோறு போடுவதே அந்த மெஷின்தான். புதிதாக எதையாவது உள்ளே ஏற்றினால் மக்கர் பண்ணும் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவளும் அன்றிலிருந்து அதில் ஒரு துரும்பைக்கூடச் சேர்க்கவில்லை.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். தான் எதையும் ஏற்றப் போவதில்லை, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான் வந்திருப்பதாக அதிகாரி சலித்துக்கொண்டார்.

வாசலில் கொழுந்தன் கைகட்டி நின்றுகொண்டிருந்தான். எதிர்வரிசையில் அவனுக்கும் இதே தொழில். புகார் எழுதிப் போட்டதே அவன்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

"வழியை விடுங்க அண்ணி. அண்ணன் எங்க காசு குடுத்து வாங்கியிருக்கப் போறாரு? எல்லாம் திருட்டு காப்பியாத்தான் இருக்கும்."

செத்துப்போன அண்ணனையே திருடன் என்கிறான். "உங்க அண்ணன் உங்களை மாதிரி இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

அதிகாரி தன் பென்டிரைவைச் செருகினார். அதிலிருந்த புரோகிராமுக்கு அவர் ஆபீஸில் சல்லடை என்று செல்லப் பெயராம். எந்தக் கம்ப்யூட்டரில் விட்டாலும் உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர் அத்தனையையும் சலித்துப் பட்டியல் போட்டு, கள்ளக் காப்பியைச் சிவப்பில் காட்டிவிடுமாம். பழைய கம்ப்யூட்டர் என்பதாலோ என்னவோ, இங்கே அது உடனே கிளம்பவில்லை. அது இல்லை, இது இல்லை, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று என்னென்னவோ கேட்டது. அவர் ஒன்றையும் படிக்காமல் சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனார்.

ஒருவழியாகப் பட்டியல் ஓடத் தொடங்கியது. அவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, கணவர் கோத்து வைத்திருந்த பில்களை அவள் ஒவ்வொன்றாக மேஜைமேல் போட்டாள். கொடுத்தாள் என்று சொல்ல முடியாது, போட்டாள். கொழுந்தனின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

கடைசி வரி சிவப்பாக வந்தது.

வாய்க்குள் நுழையாத நீளப் பெயர். அதிகாரியே அதைக் கேள்விப்பட்டதில்லையாம். ஆனால் கள்ளக் காப்பி என்பதில் சந்தேகமே வேண்டாம், சல்லடை பொய் சொல்லாது என்றார். பையிலிருந்து சீல் வைக்கிற டேப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இனி நாங்க சொல்ற வரைக்கும் இந்த மெஷின் ஓடக் கூடாது."

கொழுந்தன் கடைக்குள்ளேயே வந்துவிட்டான். "நான்தான் அப்பவே சொன்னேனே சார்."

அவள் பில் கோப்பை மறுபடி மறுபடி புரட்டினாள். அப்படி ஒரு பெயரே அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, எவனுக்கும் பயப்படாதே என்று சொன்ன மனுஷன் தன்னிடமே பொய் சொல்லியிருக்கிறாரா? மெஷின் நிற்கப் போவதைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அது எப்ப ஏத்தினதுன்னு போட்டிருக்குமா?" என்று கேட்டாள்.

அதிகாரி வேண்டாவெறுப்பாக அந்தச் சிவப்பு வரியை அழுத்தினார். தேதி வந்தது. அதைப் பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார்.

கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. அண்ணனின் வண்டவாளம் தெருவுக்கே கேட்கட்டும் என்று எட்டிப் பார்த்து உரக்கப் படித்தான். "இன்னைக்குத் தேதி போட்டிருக்கு சார்." படித்து முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

அவள் பில்களை அடுக்கிக் கோப்பில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த டேப்பை எடுத்து அதிகாரியிடம் நீட்டினாள்.

"முதல்ல உங்க சல்லடைக்கு சீல் வைங்க சார்."