குழி விழுந்த கல்

"அந்தக் கல்லிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாதெண்டு போன கிழமையே சொல்லிப்போட்டன், அகஸ்ரின் அண்ணை. இன்னும் எத்தினை தரம் சொல்லுறது?"

றீற்றா வேலையால் நேரே வந்திருந்தாள். மிசிசாகாவிலிருந்து ஸ்காபரோ வரை நெரிசலில் ஊர்ந்து வந்த எரிச்சல் ஒரு பக்கம். தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த பழைய சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே குழி விழுந்த அந்தக் கல்லைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்ததைக் கண்ட எரிச்சல் மறுபக்கம்.

மொன்றியலிலிருந்து வந்து ஒரு வருடத்துக்குள்ளேயே பங்குச் சபைத் தலைவராகிவிட்டவர் அகஸ்ரின். இப்போது ஏன் ஆனோம் என்ற முகத்தோடு நின்றார்.

"நான் கை வைக்கேல்லைப் பிள்ளை. உந்த மெலனிதான் அளந்துகொண்டு நிக்குது. யூனிவேர்சிற்றியிலை இருந்து வந்தது."

நாடாவுக்குள் முழங்காலில் இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் நிமிர்ந்து கையசைத்தாள். றீற்றா அசைக்கவில்லை.

"உது சும்மா கல்லில்லையாம்" என்றார் அகஸ்ரின். "உதிலை இருக்கிற குழியெல்லாம் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தி இந்த மண்ணின்ரை ஆதிக்குடிச் சனம் கல்லாலை கல்லைத் தட்டிக் குடைஞ்சதாம். பிறகு வந்த வெள்ளைக்காரக் கமக்காரர், வயலுக்கை கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கடை செத்த ஆக்களுக்கு நட்டுப்போட்டினமாம். ஓசிக் கல்லெண்டால் ஆர்தான் விடுவினம்?"

"நல்லது. படத்தை எடுத்துக்கொண்டு போகட்டும். ஏன் தோண்டவேணும்?"

"கல்லைத் தூக்கினால்தானே அடி தெரியும். கீழை ஆர் கிடக்கினம் எண்டும் பாக்கவேணுமாம். ஆதிக்குடிப் பெரியாக்களும் சம்மதிச்சிட்டினம். ஆயர் இல்லமும் ஓம் எண்டிட்டுது."

"கீழை என்ரை மனுசன் கிடக்கிறார். வேறை ஆரும் வேணுமோ?"

அகஸ்ரின் குரலைத் தாழ்த்தினார். "அதுதான் எனக்கும் விளங்கேல்லை. இஞ்சை நூறு வருசமா ஒருத்தரையும் அடக்கம் செய்யேல்லை எண்டெல்லோ சொல்லுகினம்?"

"சாம்பல், அண்ணை. சாம்பல். முந்தியிருந்த பங்குச் சுவாமி பாவம் பாத்து விட்டவர். அவரும் செத்துப்போனார். இனி ஆரைப் போய்க் கேக்கப் போறியள்?"

அகஸ்ரின் யாரையும் கேட்கப் போவதாகத் தெரியவில்லை.

மகள் நிரோஷினிக்கு ஏழு வயதாக இருந்தபோதுதான் றீற்றா அவளை முதலில் இங்கே கூட்டி வந்தாள். கல்லில் ஏன் அப்பாவின் பெயர் இல்லை என்று சிறுமி கேட்டாள். பிறகு வெட்டலாம் என்றாள் றீற்றா. ஏன் இத்தனை குழி என்று கேட்டாள். நவம்பர் காற்றில் மெழுகுதிரி சாயாமல் நிற்கத்தான் என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு ஆத்துமாக்கள் திருநாளிலும் குழிக்கொரு மெழுகுதிரி எரிந்தது. தாயும் மகளும் ஈரப் புல்லில் முழந்தாளிட்டுச் செபம் சொன்னார்கள்.

மெலனி எழுந்து வந்து அகஸ்ரினிடம் பணிவாக ஏதோ சொன்னாள்.

"குழி முழுக்க மெழுகாம். சுரண்டி எடுக்கவே ஒரு கிழமை செல்லுமாம். ஆர் பாத்த வேலை எண்டு கேக்கிறா."

"நான்தான் எண்டு சொல்லுங்கோ. இந்த வருசமும் கொழுத்துவன் எண்டு சேர்த்துச் சொல்லுங்கோ."

அகஸ்ரின் இதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. மெலனி நெஞ்சில் கை வைத்து, கண் கலங்க றீற்றாவைப் பார்த்தாள். றீற்றாவுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

நல்லவேளையாக நிரோஷினியின் கார் வந்து நின்றது. றீற்றாதான் அழைத்திருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, வங்கியில் வேலை. இரண்டு இங்கிலீஷ் வசனத்தில் இவர்களைக் கட்டி அனுப்பிவிடுவாள்.

நிரோஷினி தாயிடம் வரவில்லை. நாடாவுக்குக் கீழே குனிந்து போய் மெலனியோடு பேசினாள். ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சிரித்தாள். கடைசியில் தாயிடம் வந்து, "லெற் தெம், அம்மா. தோண்டட்டும்" என்றாள்.

"உனக்கென்ன விசரே? உன்ரை அப்பாவைக் கிண்டச் சொல்லுறியோ?"

"இற்ஸ் ஓக்கே, அம்மா."

"எது ஓக்கே? வாற கிழமை அவள் கிண்டிப்போட்டு, அங்கை ஒண்டுமில்லை எண்டு சொன்னால் ஊர்ச்சனம் என்ன கதைக்கும்?"

சொன்ன பிறகுதான் றீற்றாவுக்குத் தான் சொன்னது உறைத்தது. அவசரமாக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

நிரோஷினி, அகஸ்ரினுக்குக் கேட்காதபடி தாயின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அங்கை ஒண்டுமில்லைத்தானே, அம்மா. அப்பா இஞ்சை பக்கத்திலை விட்பியிலை வீடு வாங்கி, அந்த அன்ரியோடை இருக்கிறார் எண்டு எனக்கு ஹைஸ்கூலிலையே தெரியும். அவர் செத்துப்போனால்தான் உங்களுக்கு நிம்மதி போலை இருந்துது, அதுதான் நானும் இவ்வளவு காலமும் அவருக்காகச் செபம் சொன்னனான்."